மாசி வீதிகள் யாருக்காக?

பேருந்து நிலையம், காய்கறிச் சந்தை, நீதிமன்றம் என ஒவ்வொன்றாக வெளியே போய்க்கொண்டிருக்கும் மதுரையில், நடுநகர் வாடினால் இழப்பு யாருக்கு?

மதுரையிலிருந்து தேனிக்குச் செல்லும் சாலையில் நாகமலை புதுக்கோட்டைக்கு அருகே பிரியும் கிளைச்சாலை, கீழக்குயில்குடியில் சமணர் மலையின் அடிவாரத்தைத் தொடுகிறது. அங்கே தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் ஆலமர நிழலும் அடுத்தடுத்து இருக்க, பாறையில் வெட்டிய படிகள் பேச்சிப்பள்ளம் என்னும் சுனைக்கு ஏறிச் செல்கின்றன. சுனையை ஒட்டிய பாறைச் சுவரில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி ஆகியோரின் உருவங்கள் கி.பி. 9, 10 ஆம் நூற்றாண்டுகளில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் கீழே வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மலைமேல் நின்று கிழக்கே பார்த்தால் முதலில் வயலும் கண்மாயும், பிறகு வயல்களுக்குள் புகுந்து நடப்பட்ட மனைப்பிரிவுக் கற்களும், அவற்றுக்கும் அப்பால் வைகையின் இரு கரைகளிலும் பரந்த மதுரை மாநகரும் தெரிகின்றன.

இம்மலையடியில் வாழ்பவர்கள் மதுரைக்குப் போவது என்றால், பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி மாசி வீதிகளுக்குள் நடப்பது என்பதே வழக்கம். ஆனால் அந்த மதுரையில் ஒரு காலத்தில் இருந்தவற்றுள் பல இன்று வேறிடங்களில் உள்ளன. வெளியூர்ப் பேருந்துகள் மாட்டுத்தாவணியிலிருந்தும் ஆரப்பாளையத்திலிருந்தும் புறப்படுகின்றன. காய்கறி மொத்த வணிகம் மாட்டுத்தாவணிக்கும் பரவைக்கும் போய்விட்டது. உயர் நீதிமன்றக் கிளை மேலூர் சாலையிலும், பெரிய நூலகம் புது நத்தம் சாலையிலும் எழுந்துள்ளன. வணிகமும் வழிபாடும் பொதுவாழ்வும் ஒருங்கே நிகழும் பழைய மையப் பகுதியை நடுநகர் என்று குறிப்பிட்டால், ஒரு நகரம் செழிக்க அத்தகைய நடுநகர் தேவைதானா என்னும் கேள்வி மதுரையில் ஏட்டளவில் நிற்பதன்று. ஒவ்வொரு புதிய திட்டத்தோடும் நடைமுறையில் விடை சொல்லப்பட்டுவரும் கேள்வி அது.

மதுரையைப் பொறுத்தவரை விடை ஆம் என்பதே. எனினும் நடுநகருக்கு உயிர்ப்பு எதிலிருந்து வருகிறது என்பதில் திட்டமிடுவோர் கொண்டுள்ள எண்ணம் ஒன்றாகவும், சுற்றுப்புறச் சமவெளி ஊர்கள் அதைப் பயன்படுத்தும் விதம் வேறாகவும் இருப்பதால், நல்ல நோக்கத்துடன் தீட்டப்படும் திட்டங்கள்கூட நடுநகரின் மெய்யான பயனாளிகளை வெளியே தள்ளிவிடும் இடர் உள்ளது.

குகைப் பாறையில் பதிந்த கடைவீதி

மதுரைக்கு வடக்கே அழகர்மலையில், கிடாரிப்பட்டிக்கு அருகிலுள்ள குகைத்தளத்தில், ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழி எழுத்துப் பொறிப்புகள் உள்ளன. அங்குத் தங்கிய துறவியருக்குக் கற்படுக்கை அமைக்கக் கொடையளித்தவர்களின் பெயர்களாகிய அவற்றுள், மதுரையின் பெயர் ‘மதிரை’ என்னும் வடிவில் வருகிறது. கொடையாளர்களுள் பொன்கொல்லர், உப்பு வணிகர், பணிதம் எனப்பட்ட வெல்லப்பாகு விற்றவர், அறுவை எனப்பட்ட துணி விற்றவர், கொழு வணிகர் ஆகியோர் காணப்படுகின்றனர். கொழு என்பது ஏர்க்கலப்பையின் இரும்பு முனை. கொழு விற்கும் வணிகர் ஒருவர் கற்படுக்கைக்குக் கொடையளிக்கும் அளவுக்குப் பொருளீட்டினார் என்றால், அவரிடம் வாங்கியவர் அரண்மனையில் இருந்திருக்க முடியாது. வைகைச் சமவெளியின் உழவராகத்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மதுரை வட்டாரத்துக் கடைவீதி, உழுபவரின் தேவையால் நடந்த கடைவீதி.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி பகற்கடைகளை நாளங்காடி என்றும் இரவுக்கடைகளை அல்லங்காடி என்றும் பிரித்துக் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை பொன்னுக்கும் துணிக்கும் கூலத்துக்கும், அதாவது தானியத்துக்கும், தனித்தனி வீதிகள் இருந்ததைப் பேசுகிறது. ஒரே பொருளை விற்போர் ஒரே வீதியில் கூடியிருக்கும் இவ்வமைப்பு இன்றும் மாறவில்லை. தெற்காவணி மூல வீதியில் நகைக்கடைகளும் அவற்றின் பின்சந்துகளில் ஆசாரிமாரின் பட்டறைகளும், வெண்கலக்கடைத் தெருவில் பாத்திரங்களும், விளக்குத்தூணைச் சுற்றித் துணிக்கடைகளும், கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடைகளும் நெருங்கி நிற்கின்றன.

பெட்டிச் செய்தி: வீதிகள் வந்த வழி

மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் மதிலுக்குள் ஆடி வீதிகளும், வெளியே முறையே சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள், வெளி வீதிகள் ஆகியனவும் சதுரச் சுற்றுகளாக அமைந்துள்ளன. 16 ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் 72 கொத்தளங்களுடன் கோட்டை விரிவாக்கப்பட்டது. மாசித் திருவிழாவாக இருந்த திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் (ஆட்சிக்காலம் 1623–1659) சித்திரைக்கு மாற்றினார். தேர் மட்டும் இன்றும் மாசி வீதிகளிலேயே ஓடுகிறது. 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவர்களை இடிக்கச் செய்து, மதிலும் அகழியும் இருந்த நிலத்தைக் குடியிருப்புக்கும் தெருக்களுக்கும் விட்டார். அப்பணியில் ஈடுபட்டவர்களின் பெயர்களைப் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் தாங்கியுள்ளன. பிளாக்பர்னின் நினைவாக நடப்பட்டதே விளக்குத்தூண்.

ஒற்றை நடையில் முடியும் வேலைகள்

நடுநகரின் பயனை அறிய, கிராமத்துக் குடும்பம் ஒன்று திருமணத்துக்கான பொருள்களை வாங்கும் முறையைப் பின்தொடர்ந்து பார்ப்பது போதும். தாலிக்கும் தோட்டுக்கும் தெற்காவணி மூல வீதி, முகூர்த்தப் புடவைக்கு விளக்குத்தூண், ஆயத்த ஆடைக்குப் பத்துத்தூண் சந்து, சீர்ப் பாத்திரத்துக்கு வெண்கலக்கடைத் தெரு, விருந்துச் சரக்குக்குக் கீழமாசி வீதி என்று அனைத்தும் காலால் நடந்து கடக்கும் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு கடையில் விலை படியவில்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போவதற்கு ஆட்டோவோ பேருந்தோ வேண்டியதில்லை. அதனாலேயே விற்பவர் தம் விலையை எல்லை மீறி உயர்த்த இயலாது. வாங்குபவரின் கையில் பணம் குறைவாக இருந்தாலும் பேரம் பேசும் வலிமை அவரிடம் குறைவதில்லை. தனித்தனியாக நெடுஞ்சாலையோரம் நிற்கும் பெரிய கடைகளில் இவ்வலிமை வாங்குபவருக்குக் கிடைப்பது அரிது.

இதனினும் ஆழமான பயன் கடனில் உள்ளது. ஊர்ப்புற மளிகைக் கடைக்காரர்கள் கீழமாசி வீதியில் கொள்முதல் செய்யும்போது முழுத்தொகையும் கையில் கொண்டுபோவது குறைவு. பழகிய மொத்தக் கடையில் சிட்டை எழுதி, பழைய பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டுப் புதிய சரக்கைப் பற்றில் எடுப்பதே வழக்கம். வங்கி கேட்கும் ஈட்டுப் பத்திரம் இல்லாத சிறு வணிகருக்கு, நேரில் முகம் பார்த்துப் பல ஆண்டு பழகிய நம்பிக்கையே ஈடாகிறது. அந்த நம்பிக்கை அடிக்கடி சந்திப்பதால் வளர்வது. சந்திப்பு, ஒரே இடத்துக்கு எல்லாரும் எளிதாக வந்துசேர முடிவதால் நிகழ்வது. மாசி வீதிகளில் வாகன நெரிசலை மட்டும் அளந்து, இந்தப் பற்று வரவை அளக்காமல் தீட்டப்படும் திட்டம் நடுநகரின் ஒரு பாதியை மட்டுமே பார்க்கிறது.

திருவிழாவும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் வசந்த மண்டபமாகக் கட்டிய புது மண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு இடையே தையற்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் வளையல், பாத்திர வணிகர்களும் பல தலைமுறைகளாகத் தொழில் செய்துவந்தனர். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கு நேர்த்திக்கடனாக வேடமிடுவோர் அணியும் கச்சையும் சல்லடமும், கருப்பசாமி ஆடுவோரின் உடைகளும், தெய்வச் சிலைகளுக்கான பட்டு உடுப்புகளும் அங்கே மிதிப்பொறித் தையல் இயந்திரங்களில் உருவாயின. வண்ணத் துணியில் சரிகைக் கரை வைத்து, இடுப்பு அளவைக் கண்ணாலேயே குறித்துத் தைத்துத் தரும் அத்தொழில், மதுரையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு அய்யனார், கருப்பசாமி கோயிலின் திருவிழாவையும் நடுநகரோடு கட்டியிருந்தது.

2018 பிப்ரவரி 2 அன்று கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகளிலிருந்து பரவிய தீ, கல்தூண்களை வெடிக்கச் செய்தது. அதன்பின் கோயில் வளாகக் கடைகள் அகற்றப்பட்டன. புது மண்டபத்துக் கடைகளும் அருகில் புதிதாகக் கட்டப்பட்ட குன்னத்தூர் சத்திர வளாகத்துக்கு மாற்றப்பட்டன. நானூறு ஆண்டு பழமையான சிற்பங்களைக் காப்பது தவிர்க்க இயலாத கடமை என்பதில் ஐயமில்லை. தொலைவான புறநகருக்கு அனுப்பாமல் பக்கத்திலேயே இடம் தந்ததும் பாராட்டத்தக்கது. ஆனால் கோயிலுக்குப் போகிற வழியில் தரைத்தளத்தில் கண்ணில் பட்ட கடையும், தேடிப்போக வேண்டிய அடுக்குக் கட்டடக் கடையும் வணிகத்தில் ஒன்றாகா. மாற்றப்பட்ட இடத்தில் வாடகை, நடைவழி, பெயர்ப்பலகை ஆகிய சிறு செய்திகளைக் கவனிப்பதே மறுவாழ்வு; கட்டடத்தைத் திறந்து வைப்பது அதன் தொடக்கம் மட்டுமே.

இரவு எங்கே போயிற்று

மதுரையைத் தூங்கா நகரம் என்று போற்றுவோர் பெரும்பாலும் அதை நகரத்தின் இயல்பாகவோ பண்பாடாகவோ கருதுகின்றனர். இரவு விழித்திருந்ததற்குப் பொருளாதாரக் காரணங்கள் இருந்தன என்பதை நினைவில் கொள்வது பயனுள்ளது. ரயில் நிலையத்துக்கு அருகில் 1892 இல் தொடங்கப்பட்ட ஹார்வி மில்லும் பிற பஞ்சாலைகளும் சுழற்சி முறையில் இயங்கியதால், நள்ளிரவில் வேலை முடிந்து வருவோரும் வேலைக்குப் போவோரும் தெருவில் இருந்தனர். வடக்காவணி மூல வீதியை ஒட்டிய சென்ட்ரல் மார்க்கெட்டுக்கு விடியுமுன்பே காய்கறி லாரிகள் வந்தன. மூட்டை இறக்கும் சுமைப்பணித் தொழிலாளர்கள் இரவெல்லாம் விழித்திருந்தனர். வெளியூர்ப் பேருந்துகள் நடுநகரில் வந்து நின்றதால், எந்நேரமும் பசியோடு இறங்கும் பயணிகள் இருந்தனர். இரண்டாம் ஆட்டத் திரைப்படம் முடிந்து ஆயிரக்கணக்கானோர் ஒருசேரத் தெருவுக்கு வந்தனர். மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் 1952 இல் திறக்கப்பட்டு, ஆசியாவின் மிகப் பெரிய திரையரங்கு என்று பேசப்பட்ட தங்கம் தியேட்டரில் மட்டும் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. நள்ளிரவில் ஆவி பறந்த இட்லிக் கொப்பரைகளும் தட்டித் தட்டிக் கொத்திய பரோட்டாக் கல்லும் இவர்களை நம்பி எரிந்தவை.

பஞ்சாலைகள் சுருங்கின, பேருந்து நிலையம் 1999 இல் மாட்டுத்தாவணிக்குப் போயிற்று, பிறகு காய்கறி மொத்தச் சந்தையும் பூச்சந்தையும் அதே திசையில் சென்றன, தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் பெரிய ஜவுளிக்கடை எழுந்தது. இவற்றுள் எந்த ஒன்றும் தனித்து நடுநகரை வாட்டியதாகச் சொல்ல இயலாது. ஆனால் ஒரே இரவில் ஒரே தெருவைப் பயன்படுத்திய நான்கு வகை மக்கள் நான்கு இடங்களுக்குப் பிரிந்தபோது, அவர்கள் அனைவருக்கும் சேர்த்துச் சோறு போட்ட சிறு கடைகளுக்கு எந்த ஓர் இடத்திலும் போதிய வியாபாரம் இல்லாமற்போனது.

அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ், அந்நாட்டுப் பெருநகரங்களின் வாழ்வையும் சாவையும் பற்றி 1961 இல் வெளியிட்ட நூலில் இதே இயக்கத்தை விளக்கினார். குடியிருப்பு, கடை, பட்டறை, அலுவலகம், கேளிக்கை ஆகியவை ஒரே பகுதியில் கலந்திருப்பதைக் கலப்புப் பயன்பாடு என்பர். வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு காரணங்களுக்காக மக்கள் ஒரே தெருவுக்கு வருவதால்தான் அத்தெரு பாதுகாப்பாகவும் வணிகத்துக்கு உகந்ததாகவும் இருக்கிறது என்பது அவர் கண்டது. அவர் அதை எழுதுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மதுரையின் வீதிகள் அவ்வாறு இயங்கின.

பெட்டிச் செய்தி: மையத்திலிருந்து விளிம்புக்கு

1866: மதுரை நகராட்சி அமைகிறது.
1875: ரயில் வருகிறது, நிலையம் மேல வெளி வீதியை ஒட்டி அமைகிறது.
1966: மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்குகிறது, அதன் வளாகம் நகருக்கு மேற்கே நாகமலையை ஒட்டி அமைகிறது.
1971: மாநகராட்சியாகிறது.
1999: மாட்டுத்தாவணி ஒருங்கிணைந்த பேருந்து நிலையம், அதே ஆண்டு நவம்பர் 14 அன்று தமிழகத்தின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில்.
2004: சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.
2011: மாநகராட்சி வார்டுகள் 72 இலிருந்து 100 ஆகின்றன, பரப்பு ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 ஆக உயர்கிறது.
2016: சீர்மிகு நகரத் திட்டத்தில் மதுரை தேர்வு.
2021 டிசம்பர்: பெரியார் பேருந்து நிலையம் புதிதாகக் கட்டித் திறப்பு.
2023 ஜூலை: கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறப்பு.

மாற்றுத் தரப்பின் வலிமை

நடுநகர் இன்றியே செழிக்கும் நகரங்கள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் பல்லாண்டுகளாக வலுவான மையம் இல்லாமலே பல சிறு மையங்களால் வளர்ந்தது. தமிழகத்தில் திருப்பூரை எடுத்துக்கொண்டால், அதன் வளம் பின்னலாடை ஏற்றுமதியிலிருந்து வருகிறது. நகரின் நடுவே யாரும் போய்ப் பார்க்க விரும்பும் கடைவீதி இருக்கிறதா என்பதை வெளிநாட்டு வாங்குநர் பொருட்படுத்துவதில்லை. மறுபுறம், டெட்ராய்ட் நகரம் மையத்தை மட்டும் மெருகேற்றி மீள முயன்றதன் எல்லையைக் காட்டுகிறது. 1950 இல் 18 லட்சத்துக்கும் மேல் இருந்த அதன் மக்கள்தொகை 2010 இல் ஏறத்தாழ 7 லட்சமாகச் சுருங்கியது. 2013 இல் அந்நகர நிர்வாகம் திவால் அறிவித்தது. அதன்பின் மையப் பகுதியில் பெருமுதலீடு குவிந்தாலும், சுற்றியிருந்த குடியிருப்புகளுக்கு அதனால் என்ன பயன் என்ற கேள்வி அங்கே இன்றும் எழுப்பப்படுகிறது.

மதுரையிலும் வெளியேற்றங்கள் அனைத்தையும் குறையாகக் கருதுவது நேர்மையாகாது. நூற்றுக்கணக்கான லாரிகள் கோயிலைச் சுற்றிய குறுகிய வீதிகளில் அன்றாடம் நுழைவது இன்றைய மக்கள்தொகைக்குப் பொருந்தாது. காய்கறி போன்ற அழுகும் பொருளுக்கு மையம் தேவையில்லை என்பதை உழவர் சந்தை மெய்ப்பித்தது: விளைவித்தவரே இடைத்தரகர் இன்றிக் குடியிருப்புப் பகுதிக்கு அருகில் விற்க முடிந்தபோது, உழவர், வாங்குபவர் என இருவருக்கும் ஆதாயம் கிடைத்தது. சென்னையில் கொத்தவால் சாவடியின் காய்கறி வணிகம் 1996 இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்ட பின்னும் ஜார்ஜ் டவுன் அழிந்துவிடவில்லை. காகிதம், மின்பொருள், மருந்து, வன்பொருள் எனப் பிற மொத்த வணிகங்கள் அங்கேயே நின்றதால், அது இன்றும் தமிழகம் முழுவதற்கும் சரக்கு அனுப்புகிறது.

ஆகவே கேள்வியைக் கூர்மைப்படுத்த வேண்டியுள்ளது. எது வெளியே போகலாம், எது போகக்கூடாது? பேருந்து நிறுத்தும் பணிமனை போகலாம். பேருந்து வந்து இறக்கிவிடும் வசதி போகக்கூடாது. காய்கறி மூட்டை போகலாம். நகை, துணி, பாத்திரம், மளிகை, அச்சு, தையல், பழுதுபார்ப்பு ஆகியவை ஒன்றை ஒன்று சார்ந்து நிற்பதால், ஒன்றைப் பெயர்த்தால் மற்றவையும் ஆட்டம் காணும். பெரியார் பேருந்து நிலையம் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்ட காலத்தில், பேருந்துகள் பல தெருக்களில் தற்காலிகமாக நின்றன. கொரோனா முடக்கமும் சேர்ந்துகொண்ட அந்த ஆண்டுகளில் சுற்றுவட்டாரச் சிறு கடைகள் பட்ட பாடு, பேருந்துக்கும் நடுநகருக்கும் உள்ள உறவை வேறெந்த ஆய்வையும்விடத் தெளிவாகக் காட்டியது. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு வரையப்பட்ட மெட்ரோ ரயில் திட்டம் நடுநகரைச் சுரங்கப் பாதையில் கடக்கும் வகையில் அமைந்திருப்பதும், மையத்துக்கு வந்துசேரும் தேவை இன்னும் ஓயவில்லை என்பதற்குச் சான்று. ஆயினும் அது வடகிழக்கு–தென்மேற்கு நோக்கிய ஒற்றைத் தடம்; நாகமலைப் பக்கத்து ஊர்களுக்கு நகரப் பேருந்தே கதி.

வீதிக்குள் வரும் உரிமை

நடுநகரைப் பற்றிப் பேசும்போது அது என்றும் எல்லாருக்கும் திறந்திருந்தது என்று எண்ணிவிடக்கூடாது. கீழக்குயில்குடிக்கு அதைச் சொல்லும் வரலாற்றுத் தகுதி உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம், அதாவது பிறப்பை வைத்தே ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளிகளாகப் பதிவு செய்த ஆங்கிலேயர் காலச் சட்டம், மதுரை வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்மீது பாயத் தொடங்கியபோது, 1914 இல் முதலில் இலக்கான ஊர்களுள் இதுவும் ஒன்று. கைரேகை பதித்துக்கொண்டதால் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றனர். பதிவு செய்யப்பட்ட ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் கையெழுத்திட்டு அங்கேயே படுத்திருக்க வேண்டும். வெளியூர் போவதற்கு ராத்திரிச் சீட்டு எனப்பட்ட அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அல்லங்காடிக்குப் பேர்பெற்ற நகரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருந்தவர்களுக்கு, இரவில் அந்நகரின் பக்கம் போவதே குற்றமாக்கப்பட்டது. அச்சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்திப் பல உயிர்களைப் பறித்தது. சென்னை மாகாணத்தில் 1947 இல்தான் சட்டம் நீங்கியது.

கோயிலைச் சுற்றிய வீதிகளின் கதையும் இதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழையும் வரை, நகரின் நடுவில் இருந்த கோயில் நகரத்தார் பலருக்கு மூடியே இருந்தது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறிய நிகழ்வு மேலமாசி வீதி வீடொன்றில் நடந்தது. மதுரைக்கு வரும் வழியில் கண்ட ஏழை மக்களின் உடையின்மையே அம்முடிவுக்குத் தூண்டுதல். மேலமாசி, வடக்குமாசி வீதிகளின் சந்திப்பு பிற்காலத்தில் எல்லாக் கட்சிகளின் பொதுக்கூட்டத் திடலாயிற்று. கடைக்கு வந்தவரும் பேருந்துக்குக் காத்திருந்தவரும் நின்று கேட்டுவிட்டுப் போகக்கூடிய அக்கூட்டங்களுக்கு மாற்றாக, இன்று நான்குவழிச்சாலையோரத் திடல்களில் மாநாடுகள் நடக்கின்றன. அங்கே வேன் வைத்து அழைத்துவரப்படும் ஆதரவாளர்கள் மட்டுமே இருப்பார்கள். தற்செயலாக நின்று கேட்கும் மாற்றுக் கருத்துடையவர் இருக்கமாட்டார். நடுநகர் வாடுவதால் குறைவது வணிகம் மட்டுமன்று என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

போராடிப் பெற்ற இந்த நுழைவுரிமையைச் சட்டம் பறித்துவிடும் காலம் போய்விட்டது. அதை இன்று குறைப்பவை வாடகை, வாகன நிறுத்தக் கட்டணம், நேரடிப் பேருந்தின்மை ஆகியவை. காய்கறி விற்ற பழைய சென்ட்ரல் மார்க்கெட் நிலத்தில் இன்று பல அடுக்கு வாகன நிறுத்தம் நிற்கிறது. காரில் வரும் பக்தருக்கும் சுற்றுலாப் பயணிக்கும் அது உதவும் என்பது உண்மையே. ஆனால் நடுநகரின் மிக மதிப்புள்ள பொதுநிலத்தில் ஒரு பகுதியேனும் தரைக்கடைக்கும் கூடைக்காரப் பெண்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தால், அதே நிலம் இன்னும் பலருக்குச் சோறு போட்டிருக்கும்.

மாடி வீடுகளின் நிலை

வெளிப்பார்வைக்கு எளிதில் புலப்படாத மற்றொரு மாற்றம் குடியிருப்பில் நிகழ்கிறது. எழுகடல் தெரு, மஞ்சணக்காரத் தெரு போன்ற நடுநகர்த் தெருக்களில் கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த கட்டடங்கள் பல, மேலேயும் கிடங்காகவோ தங்கும் விடுதியாகவோ மாறிவருகின்றன. சுங்குடிச் சேலைக்குத் துணியில் முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் சௌராட்டிரக் குடும்பங்கள் உட்பட, தொழிலும் வீடும் ஒன்றாக இருந்த மக்கள் விளிம்புப் பகுதிகளுக்கு நகர்ந்துள்ளனர். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஒரு வட்டாரத்துக்கே உரிய பொருள் என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்துவிட்டது; அதைச் செய்யும் கைகள் நடுநகரில் தங்குவதற்கான வாடகைப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடங்கள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் எழக்கூடாது என்னும் விதி கோபுரக் காட்சியைக் காக்க வந்தது. அது மீறப்படுவதாக உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குகளும் நடந்துள்ளன. விதி நியாயமானது, தளர்த்தப்படக் கூடாதது. ஆனால் உயரத்தைக் கட்டுப்படுத்தும்போது நிலமதிப்பு ஏறிக்கொண்டே போனால், உள்ள மூன்று தளங்களையும் மிகுதியாக வாடகை தருபவருக்கே விட உரிமையாளர் முனைவார். குடியிருப்பும் சிறு பட்டறையும் முதலில் வெளியேறும். உயர விதியோடு பயன்பாட்டு விதியும் வேண்டும்: மேல்தளத்தில் குடியிருப்பைத் தொடர்வோருக்குச் சொத்துவரிச் சலுகை, பட்டறை வைத்திருக்கும் கைவினைஞருக்கு நீண்டகால வாடகை ஒப்பந்தம், கோயிலுக்கும் மாநகராட்சிக்கும் உரிய கட்டடங்களில் சிறுமுதல் வணிகருக்குக் குறிப்பிட்ட பங்கு ஆகியவை நடைமுறைக்கு எட்டாத கோரிக்கைகள் அல்ல. மாநகராட்சியும் இந்து சமய அறநிலையத் துறையும் நடுநகரில் பெரும் நில உரிமையாளர்கள் என்பதால், தனியாரை வற்புறுத்துமுன் தம் சொந்தக் கடைகளிலேயே இவற்றைத் தொடங்கலாம்.

வண்டிகள் தடுக்கப்பட்டுள்ள சித்திரை வீதிகள், நடப்பவருக்காக மட்டும் விடப்பட்ட தெருவில் எத்தனை மக்கள் அமைதியாக உலவ முடியும் என்பதைக் காட்டியுள்ளன. அந்த நடைவசதியை ஆவணி மூல வீதிகளுக்கும் மாசி வீதிகளின் சில பகுதிகளுக்கும் நீட்டிக்கும் யோசனை எழும்போது, கூடவே இரண்டு செய்திகளைத் தீர்மானிக்க வேண்டும். மூட்டைகளை ஏற்றி இறக்கும் கைவண்டிக்கும் சிறு சரக்கு வண்டிக்கும் விடியற்காலையில் எத்தனை மணி நேரம் தரப்படும் என்பது ஒன்று. கீழக்குயில்குடி, விளாச்சேரி, வடபழஞ்சி போன்ற மேற்குப்புற ஊர்களுக்குக் கடைகள் அடைத்த பின்னும் ஏறக்கூடிய கடைசிப் பேருந்து பெரியார் நிலையத்திலிருந்து எப்போது புறப்படும் என்பது மற்றொன்று. நடைபாதைக்கான கல்லின் நிறத்தையும் விளக்குக் கம்பத்தின் வடிவத்தையும் ஒப்பந்தப் புள்ளியில் விரிவாக எழுதும் திட்ட அறிக்கைகள், இவ்விரண்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியாக வேண்டும்.